துணை இல்லாதவள் ஒருத்தி வேண்டும்

1

வேலை அனுமதியைப் புதுப்பிக்கப் போன வாரம் போர்ட் லூயிஸ் போயிருந்தேன். ரோஸ் ஹில்லில் பஸ் ஏறி, தலைநகரில் இறங்கி, வெயிலில் நடந்து, வரிசையில் நின்று, ஒருவழியாக என் முறை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் தாள்களைப் புரட்டிவிட்டுப் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். நான் இந்தத் தீவின் பேச்சு மொழியான கிரியோலில் பதில் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேடம், நீங்க இந்தியாக்காரங்கன்னுதானே போட்டிருக்கு? சுயாக் கரையில மீன் வித்தவங்க மாதிரியில்ல பேசறீங்க!"

எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. சுயாக் என்பது இந்தத் தீவின் தென்கோடியில், கடல் நேராக வந்து பாறையில் மோதுகிற ஒரு சின்ன ஊர். அந்த ஊர்க்காரி ஒருத்தியிடம்தான் நான் இந்த பாஷையைக் கற்றேன். கற்றுக் கொடுத்தவளின் ஊர், நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாத்தியார் வைத்துப் படித்திருந்தால் இந்தப் பேர் கிடைத்திருக்குமா?

"என்ன வேலை செய்யறீங்க?"

"பனியன் தொழிற்சாலையில. புதுசா வர்ற பொண்ணுங்களைப் பழைய பொண்ணுங்களோட சேத்துவிடுவேன்."

"சேத்துவிட்டு?"

"அவ்வளவுதான். அப்புறம் அவங்களே பாத்துக்குவாங்க."

"இதுக்கு இந்தியாவுல இருந்து ஒரு ஆள் வரணுமா?"

"நானும் அதைத்தாம்மா கேட்டுட்டிருக்கேன்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அடுத்த கேள்வியைப் போட்டாள். "இதனால பலன் இருக்குன்னு எதை வெச்சு மேடம் சொல்லுவீங்க?"

"அதுக்கு ஒரு கதை இருக்கு. ஆனா எனக்குப் பின்னால இத்தனை பேர் நிக்கறாங்களே."

முத்திரை குத்தித் தாளை நீட்டினாள். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கதைதான் மனசுக்குள் ஓடியது. ஊரில் இதை வாசிக்கிற உங்களுக்குப் பின்னால் யாரும் வரிசையில் நிற்கவில்லை என்று நம்பி எழுதுகிறேன்.

2

நான் எட்டாவதோடு நின்றவள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தேன். தைப்பவருக்குத் துணி எடுத்துக் கொடுத்து, தைத்து வருவதை மடித்து வைக்கிற வேலை அது. தைக்க யாரும் சொல்லித்தரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து, சாப்பாட்டு நேரத்தில் காலி மிஷினில் உட்கார்ந்து திட்டு வாங்கித்தான், துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கிற ஓவர்லாக் மிஷினைப் பழகினேன். எதையாவது கேட்டால், "உனக்குக் கண்ணு இல்லையா?" என்பார்கள். அப்படித்தான் ஆளானேன், அதில் எனக்கு வருத்தமில்லை. எல்லாரும் அப்படித்தான் ஆளாக வேண்டும் என்று யாராவது சொன்னால் மட்டும் சண்டைக்குப் போவேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரருக்கு இங்கே நிட்டிங் மிஷின் மெக்கானிக்காக வேலை கிடைத்தது. வந்து பார்த்தால் கரும்புக் காட்டுக்கு நடுவே தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருக்கின்றன. கடற்கரையில் ஓட்டல் மேல் ஓட்டல். அண்ணன் ஓட்டலுக்குப் போனான், தங்கை தொழிற்சாலைக்கு வந்தாள் என்பது அப்போது வீட்டுக்கு வீடு கேட்ட பேச்சு. அதுவரை வீட்டு வாசல் தாண்டாத பெண்கள் விடியும் முன்னே பையோடு பஸ்ஸுக்கு நின்றார்கள்.

நானும் போய் உட்கார்ந்தேன். கை வேலை தெரியும், வாய்தான் ஊமை. பக்கத்து மிஷினில் சுயாக்கிலிருந்து வருகிற ஜோசியான். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள், நல்ல உயரம், தலையில் எப்போதும் சிவப்புத் துணி. முதல் நாளே ஊசியைத் தொட்டு அதன் பேரைச் சொன்னாள்; நூலைத் தொட்டுச் சொன்னாள்; சூப்பர்வைசரைக் கண்ணால் காட்டி ஒன்று சொன்னாள். அந்த வார்த்தையை நான் அவரிடமே போய்ச் சொல்லிவிட்டேன். வரிசையே மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தது. ஆனால் அன்று சாயங்காலம் என்னை அவர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், "இவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன், திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க" என்றதும் அவள்தான்.

இங்கே பிறந்த தமிழ்ப் பெண்கள் என்னை அக்கா என்பார்கள். உறவுப் பேர்களை மட்டும் அவர்கள் விட்டுவிடவில்லை. மார்தாயி என்று ஒருத்தி, அவளும் சுயாக்காரிதான், தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வராது. ஆனால் அக்கா என்று கூப்பிட்டால் கூடப் பிறந்தவள் கூப்பிட்டது போலிருக்கும். அதைக் கேட்டுக் கேட்டு ஜோசியான் அதுதான் என் பேர் என்று நினைத்துக்கொண்டாள். இன்றுவரை நான் அவளுக்கு 'மதாம் அக்கா'தான். பெண்ணுக்கு மதாம், ஆணுக்கு மிஸ்யே என்பது இங்கத்து மரியாதை.

என் பையன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளிடம், "நீங்க யாரு இவங்களுக்கு?" என்று கேட்டாள். என்ன சொல்வது என்று நான் முழித்தேன். ஜோசியான் யோசிக்கவே இல்லை. "மரேன்" என்றாள்.

மரேன் என்றால் ஞானத்தாய். மாதா கோவிலில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று, பிள்ளைக்கு நான் பொறுப்பு என்று ஏற்றுக்கொள்கிறவள். அந்தப் பொறுப்புக்கு முடிவு தேதி கிடையாது. பிள்ளை படிப்பதற்கும் அவள் வருவாள், கல்யாணத்துக்கும் அவள் வருவாள், புருஷனோடு சண்டை என்றால் முதலில் வந்து நிற்பதும் அவள்தான். எங்கள் வீட்டில் ஞானஸ்நானமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் என் பையனுக்கு மரேன் உண்டு. அவன் இப்போது வீட்டில் என்னோடு தமிழில் தொடங்கி, கோபம் வந்தால் கிரியோலுக்குப் போய்விடுகிறான். கோவிலில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்புகிறேன். எழுத்தெல்லாம் குண்டுகுண்டாக அழகாக எழுதுகிறான். எழுதியது என்ன என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறான். அந்தத் தோள் குலுக்கல் எனக்குக் கொஞ்சம் வலிக்கும். ஜோசியானிடம் சொன்னேன். "எழுத்து வந்திருச்சில்ல, பேச்சு எங்க போயிரும்? உங்க வாய் மூடினாத்தானே கவலை?" என்றாள்.

3

சில வருஷம் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். புதுப் பெண்கள் வந்த மாதமே அழுதுகொண்டு ஓடிவிடுகிறார்கள், என்ன செய்யலாம் என்றார். எனக்கு நடந்ததைச் சொன்னேன். ஒவ்வொரு புதுப் பெண்ணையும் ஒரு பழைய பெண்ணிடம் ஒப்படைப்போம், பழையவளுக்குத் தினமும் அரை மணி நேரம் தையலிலிருந்து விடுதலை கொடுங்கள், அந்த நேரத்தில் புதியவளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். ஆபீஸில் அதற்கு ஏதோ ஒரு இங்கிலீஷ் பேர் வைத்தார்கள். பெண்கள் அதை மரேன் திட்டம் என்றார்கள். அந்தப் பேரே நிலைத்துவிட்டது. நான் மிஷினை விட்டு எழுந்து அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பாளி ஆனேன்.

நன்றாகத்தான் ஓடியது. பெண்கள் ஓடிப்போவது நின்றது. ஆனால் முதலாளிக்கு ஒரு அரிப்பு. கை தேர்ந்த தையல்காரிகள் தினமும் அரை மணி தைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் தனக்கு என்ன லாபம்? திட்டம் இல்லாவிட்டாலும் இந்தப் பெண்கள் கற்றுக்கொண்டிருப்பார்களோ? கேள்வி நியாயமானதுதான். அதைக் கண்டுபிடித்துச் சொல்ல அப்பாடு என்கிற கணக்காளரை வரவழைத்தார்.

அப்பாடு ரோஸ் ஹில் தமிழர். லண்டனில் படித்தவர். கழுத்து டை ஒரு நாளும் கோணாது. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பார், தேவாரத்தை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பாடுவார். மற்றபடி தமிழில் வணக்கம் மட்டும். என்னைப் பார்த்ததும் அந்த வணக்கத்தைச் சொல்லிவிட்டு, கிரியோலுக்கு மாறினார்.

"மேடம், மருந்து வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? ஒருத்தருக்குக் கொடுக்கணும், ஒருத்தருக்குக் கொடுக்கக் கூடாது. ரெண்டு பேரையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும்."

"கொடுக்காதவங்க செத்துட்டா?"

"இங்க யாரும் சாக மாட்டாங்க. பனியன்தானே தைக்கறாங்க."

அவருடைய சோதனை இதுதான். புதிதாக வந்த பெண்களை இரண்டாகப் பிரிப்பது. மூன்றாம் வரிசைக்காரிகளுக்கு மரேன் உண்டு. நான்காம் வரிசைக்காரிகளுக்குக் கிடையாது. சூப்பர்வைசர் காட்டுவதோடு சரி. மூன்று மாதம் கழித்து இரண்டு வரிசையின் தையலையும் ஒப்பிடுவது. வித்தியாசம் தெரிந்தால் திட்டம் இருக்கும். தெரியாவிட்டால் மூடிவிடுவார்கள். இது ஒருபக்கம். எந்த வரிசையானாலும் மூன்று மாதத்தில் குறித்த அளவு தைக்க வராத பெண்ணை வீட்டுக்கு அனுப்புவார்கள். அது எப்போதும் உள்ள விதி.

"நான்காம் வரிசைக்கு யாரும் எதுவும் சொல்லித்தரலைங்கறதுக்கு நீங்க பொறுப்பு, மேடம். அது கெட்டுப்போனா எல்லாமே கெட்டுப்போகும்."

"பொறுப்பு" என்றேன். உண்மையாகவே சொன்னேன். எனக்குத் திட்டத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை. வித்தியாசம் மலைபோலத் தெரியும், முதலாளி வாயை மூடிக்கொள்வார் என்று இருந்தேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். ஜோசியான் ரொட்டியை மெல்வதை நிறுத்தினாள்.

"மதாம் அக்கா, நாலாம் வரிசைப் பொண்ணுங்க என்ன பாவம் செஞ்சாங்க?"

"ஒரு பாவமும் இல்ல. மூணு மாசம்தான்."

"மூணு மாசத்துல தைக்க வரலேன்னா வீட்டுக்குத்தானே?"

தொழிற்சாலைக்குள் நான்காம் வரிசைப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். "கொரெக்" என்றாள் ஜோசியான். சரி என்று அர்த்தம். அத்தனை சுலபமாக அவள் சரி என்றதில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

4

நான்காம் வரிசையில் லச்மீ என்று ஒரு பெண் உட்கார்ந்தாள். சுயாக்கிலிருந்து வருகிறவள், கை வாகு இடது. ஓவர்லாக் மிஷினில் இடக்கைக்காரிக்குப் பாடு அதிகம். தைக்க வேண்டிய துணிக் கட்டை வலப்பக்கம் வைப்பார்கள். கத்தரிக்கோலும் வலப்பக்கம் தொங்கும். ஒவ்வொரு துண்டுக்கும் அவள் உடம்பை முறுக்கித் திரும்பி எடுத்தாள். கை தோளோடு சேருகிற வளைவு வந்தால் துணி ஓடிவிடும், கத்தி ஓரத்தைக் கடித்துவிடும். முதல் வாரம் அவள் மடியில் கெட்டுப்போன துண்டுகள்தான் குவிந்தன. கண்ணைத் துடைத்துத் துடைத்து முகமெல்லாம் பனியன் பஞ்சு.

நான் அவளைக் கடந்து நடந்தேன். கட்டை இடப்பக்கம் வை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. பொறுப்பு என்று சொல்லிவிட்டேனே.

ஒரு மாதம் போனது. ஒரு நாள் பார்க்கிறேன், லச்மீயின் கட்டு இடப்பக்கம் இருக்கிறது. அட, தானே கண்டுபிடித்துவிட்டாளே என்று எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் திக்கென்றும் இருந்தது. இன்னொரு மாதம் போனது. வளைவில் அவள் மிஷின் மிதியிலிருந்து காலை மெதுவாக எடுத்துத் துணியைத் திருப்புகிற அழகை நின்று பார்க்கலாம். அவள் மட்டுமல்ல, வரிசையே தேறிக்கொண்டிருந்தது.

மூன்று மாதம் முடிந்த வெள்ளிக்கிழமை அப்பாடு ஒரு கட்டம் போட்ட தாளை என் முன்னால் விரித்தார். மூன்றாம் வரிசைக்குச் சிவப்புக் கோடு, நான்காம் வரிசைக்கு நீலக் கோடு. இரண்டும் கைகோத்துக்கொண்டு மலை ஏறுவது போல ஏறின.

"நல்ல செய்தி, மேடம். எந்தப் பொண்ணையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. எல்லாரும் தேறிட்டாங்க."

"இன்னொரு செய்தி?"

அவர் நல்ல மனுஷர். நேராகப் பார்த்துத்தான் சொன்னார். "உங்க திட்டம் நல்ல திட்டம். ஆனா அது இல்லாமலும் பொண்ணுங்க இதே அளவு கத்துக்கறாங்க. செவ்வாய்க்கிழமை அறிக்கை கொடுக்கறேன். மன்னிச்சுக்குங்க."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கையில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்புள்ள, ஒரு போல்ட்டைக் கழட்டின பின்னாலயும் மிஷின் அதே மாதிரி ஓடுச்சுன்னா என்ன அர்த்தம்?"

"அந்த போல்ட் தேவையில்லைன்னு அர்த்தம். அதைத்தான் அந்தாளும் சொல்றார்."

"இல்லீன்னா அதை நீ கழட்டவே இல்லைன்னு அர்த்தம்."

அவர் சொன்னது அப்போது என் தலைக்குள் ஏறவில்லை.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை சுயாக் பக்கத்துக் கோவிலில் தீமிதி. மார்தாயி முன்னமே அழைத்திருந்தாள். குடும்பத்தோடு போனோம். சாயங்காலம் வாழையிலையில் ஏழு கறியோடு சாப்பாடு. பரிமாற ஆள் போதாமல் நானும் வாளியைத் தூக்கினேன். பையனுக்கு மறுநாள் பள்ளிக்கூடம் என்பதால் அவனும் அப்பாவும் கிளம்பிவிட்டார்கள். நான் மார்தாயி வீட்டில் தங்கிக்கொண்டேன். காலையில் தொழிற்சாலை பஸ்ஸிலேயே வந்துவிடலாம் என்று நினைப்பு.

விடியும் முன் எழுந்தால் மார்தாயி தவிக்கிறாள்.

"அக்கா, தொழிற்சாலை பஸ் வேணாம். குலுக்கும். நீங்க லைன் பஸ்ஸுல வாங்க."

"நீ வர்ற பஸ் எனக்குக் குலுக்குமா?"

"சீட்டு கிழிஞ்சிருக்கும், அக்கா."

"தைக்கத் தெரிஞ்ச அத்தனை பேரு போற பஸ்ஸுல சீட்டு கிழிஞ்சிருக்கா?"

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். பஸ் வந்தது. ஏறினேன்.

உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. பெண்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் ஓரம் புதுப் பெண், பக்கத்தில் பழைய பெண். ஒவ்வொரு புதுப் பெண்ணின் மடியிலும் ஒரு சாப்பாட்டு டப்பா கவிழ்ந்திருந்தது. அதன் மேல் கழிவுத் துணித் துண்டு. இடக்கை ஒரு பக்கம், வலக்கை ஒரு பக்கம், துணியை டப்பா மேல் தள்ளிக்கொண்டே போகிறார்கள். தரையே மிஷின் மிதி என்பது போலப் பாதம் அழுந்தி நிற்கிறது. நான் ஏறியதை யாரும் கவனிக்கவில்லை. ஜோசியான் லச்மீக்குப் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முன்னால் ரோட்டையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"நேர் ரோடு, நேர் ரோடு, அழுத்து, அழுத்து, பயப்படாதே. இதோ வளைவு வருது... காலை எடு!"

பஸ் கரும்புக் காட்டுக்குள் வளைந்தது. பஸ்ஸில் இருந்த அத்தனை பாதமும் ஒன்றாக எழுந்தன. அத்தனை கையும் துணியை ஒன்றாகத் திருப்பின. வளைவு முடிந்தது, பாதங்கள் இறங்கின. தோள் வளைவைத் தைக்க அந்த ரோட்டை வைத்துப் பழக்கிக்கொண்டிருந்தார்கள்.

"தோந்தோன்!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினாள் ஜோசியான். மாமா என்பதற்கு அவர்கள் சொல்வது அது. "இவ்வளவு வேகமா வளைச்சா பீஸ் பாழாகாதா?"

"என் பஸ்ஸை நான் ஓட்டறேனா, நீங்க மிதிச்சு ஓட்டறீங்களா?" என்றார் டிரைவர். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார். "ஆயோ. ஜோசியான், பின்னால பாரு."

திரும்பினாள். பஸ்ஸே திரும்பியது. லச்மீ மடியில் இருந்த டப்பாவைச் சட்டென்று பைக்குள் போட்டாள். உள்ளே குழம்பு இருந்திருக்க வேண்டும், பை நனைந்தது.

"ஜோசியான், நான் என்ன சொல்லியிருந்தேன்?"

"தொழிற்சாலைக்குள்ள நாலாம் வரிசைப் பக்கம் போகக் கூடாதுன்னு. போனோமா? ஒரு தடவை போனோமா? இது தொழிற்சாலையா? இது பஸ்ஸு."

"போர்ட் லூயிஸ் பக்கம் டிராங்கெபார்ப் பேட்டைப் பொண்ணுங்க இந்த பஸ்ஸுல வர்றதில்லையே? அவங்க எப்படித் தேறினாங்க?"

"அவங்களுக்குச் சாப்பாட்டு நேரம். சாப்பாட்டுக் கூடமும் நாலாம் வரிசை இல்ல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். இரண்டு கோடும் ஒன்றாக ஏறியதை, அதனாலேயே திட்டம் தேவையில்லை என்று நாளைக்கு அறிக்கை போகப்போவதை, எல்லாவற்றையும்.

"அப்போ இந்தப் பொண்ணை அழ விட்டிருந்தா திட்டம் பொழைச்சிருக்கும், அப்படியா?" என்றாள் ஜோசியான்.

"அப்படித்தான்."

"அப்போ உங்க சோதனை ஒழுங்காத் தைக்காத சோதனை, மதாம் அக்கா. பிரிச்சுத் தைங்க."

மார்தாயி மெல்லச் சொன்னாள். "அக்கா, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். பொண்ணுங்க வேலை தப்பிச்சிருச்சு, அது போதும். திட்டம் போனாப் போகட்டும். எங்களுக்கு பஸ்ஸு இருக்கு."

"அடுத்து வர்றவங்களுக்கு பஸ்ஸு இருக்குமா, மார்தாயி? ரோஸ் ஹில்லுக்குள்ளயே இருந்து நடந்து வர்ற பொண்ணுங்க இருக்காங்களே. அந்த அரை மணி நேரம் போயிட்டா அவங்களுக்கு என்ன?"

நிலைமையை விளக்கினேன். நான் உண்மையைச் சொன்னால் நான்காம் வரிசைப் பெண்களின் தேர்ச்சியை ரத்து செய்தாலும் செய்வார்கள். சொல்லித்தந்தவர்களுக்கு எச்சரிக்கை வரலாம். சொல்லாவிட்டால் திட்டம் நாளையோடு சரி. நானாக ஒரு முடிவு எடுக்க எனக்கு உரிமை இல்லை, நீங்கள் சொல்லுங்கள் என்றேன்.

லச்மீதான் முதலில் எழுந்தாள். நனைந்த பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"சொல்லிருங்க அக்கா. ரத்து பண்ணினாப் பண்ணட்டும், மறுபடி தைச்சுக் காட்டறேன். எனக்கு யாரும் இல்லாம நானே கத்துக்கிட்டேன்னு அந்தத் தாள்ல இருக்கு பாருங்க, அது பொய். அந்தப் பொய்யை வெச்சுக்கிட்டு நான் இவ பக்கத்துல எப்படி உக்காருவேன்?"

ஜோசியான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

6

அப்பாடு நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். காது மடல் சிவந்துகொண்டே வந்தது.

"நீங்க பொறுப்பு எடுத்துக்கிட்டீங்க, மேடம்."

"எடுத்துக்கிட்டேன். தோத்துட்டேன்."

நான்காம் வரிசைப் பெண்களை ஒவ்வொருத்தியாக உள்ளே வரச் சொன்னார். எல்லாரிடமும் ஒரே கேள்வி: உனக்கு மரேன் யார்? முதல் பெண் ஒரு பேரைச் சொன்னாள். அடுத்தவளும் சொன்னாள். மூன்றாவது பெண் இரண்டு பேரைச் சொன்னாள். டிராங்கெபாரிலிருந்து வருகிறவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். அவர் போதும் என்று கை காட்டினார். லச்மீ முறை வந்தபோது ஜோசியானும் கூடவே உள்ளே வந்து நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

"நீங்க எதுக்கு?"

"இவளுக்கு மரேன். மரேன் இல்லாம ஆபீஸுக்கு வர மாட்டா."

அவர் எழுந்து எங்களோடு நான்காம் வரிசைக்கு வந்தார். லச்மீயைத் தைக்கச் சொல்லிவிட்டு, கையில் கடிகாரத்தோடு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். பக்கத்து வரிசைகளில் மிஷின் சத்தம் குறைந்துபோனது. லச்மீ கட்டை இடப்பக்கம் நகர்த்திக்கொண்டாள். இடக்கையால் எடுத்தாள், வைத்தாள், அழுத்தினாள். வளைவில் பாதம் எழுந்தது. பீஸ் மேல் பீஸ் விழுந்தது. அவர் ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தார், இன்னொன்றை எடுத்தார். தையலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் நன்றாக இருப்பது எல்லாருக்கும் தெரியுமே.

"இந்தப் பொண்ணுங்க கத்துக்கிட்டது உண்மை. அதுல கைவைக்க எனக்கு வேலை இல்லை" என்றார். பிறகு டையைத் தளர்த்திக்கொண்டு, கொஞ்சம் கோபமாகவே கேட்டார். "சரி, என் சோதனைக்கு நான் எங்க போறது? இந்தத் தொழிற்சாலையில மரேன் இல்லாத ஆள்னு யாருதான் இருக்காங்க?"

ஜோசியான் அவரை மேலிருந்து கீழே வரை பார்த்தாள்.

"நீங்கதான், மிஸ்யே."

நான்காம் வரிசையும் மூன்றாம் வரிசையும் சேர்ந்து சிரித்தன. அவரும் சிரித்துவிட்டார். அந்த மனுஷருக்கு அப்படி ஒரு சிரிப்பு உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை முதலாளி அறையில் அறிக்கை போனது. நானும் இருந்தேன். முதலாளி கடைசிப் பக்கத்தைப் படித்தார், மறுபடி படித்தார். யாருக்கும் எச்சரிக்கை கொடுக்க வேண்டாம் என்று அப்பாடு முன்னமே சொல்லி வைத்திருந்தார்.

"இன்னொரு தடவை செஞ்சு பாக்கலாமா? வேற வரிசையில?" என்றார் முதலாளி.

"பாக்கலாம்" என்றார் அப்பாடு. "அதுக்கு முதல்ல துணை இல்லாதவ ஒருத்தி வேணும். நான் தேடிட்டேன், மிஸ்யே. உங்களுக்குக் கிடைச்சாச் சொல்லுங்க."

முதலாளி கண்ணாடிக்கு வெளியே வரிசைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அறிக்கையை மூடினார்.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்பாடு தனியாக ஒரு பிரதி கொடுத்திருந்தார். பிரெஞ்சில் இருந்த கடைசி வரியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, கிரியோலில் சொன்னேன்: ஒப்பிட்டுப் பார்க்க இயலவில்லை, துணை இல்லாமல் விடப்பட்ட தொழிலாளி ஒருத்தியும் இந்தத் தொழிற்சாலையில் கிடைக்கவில்லை.

முதலில் மார்தாயி மேஜையைத் தட்டினாள். அப்புறம் எல்லா மேஜையும் அதிர்ந்தன. லச்மீ இடக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், இந்தத் தடவை பஞ்சு ஒட்டவில்லை.

ஜோசியான் மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, தைத்து வந்த பீஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி அந்த வரியைக் கேட்டாள்.

"நல்லா எழுதியிருக்கானே" என்றாள். "அவனுக்கு யாரு சொல்லிக்கொடுத்தது?"